முதல் கூடை

அன்று கடற்கரையில் இருந்தவர்கள் அப்பா, பெரியப்பா, அம்மாவின் அண்ணனான மாமா, எங்கள் போட்டைக் கடலுக்கு ஓட்டிப்போகும் குப்பத்து அண்ணன், அப்புறம் நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெக்கானிக். அவருக்கு என்ன கூலி கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் கூட்டமே, ஆகவே அவரைக் கூப்பிடவில்லை. இன்னொருவர் அம்மா. ரேஷன் கார்டு விஷயமாகப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தோம். எந்த ரேஷன் கார்டுக்கு மூன்று ஆண்களும் ஒரு கல்லூரி மாணவனும் நீலாங்கரைக்குத் தெற்கே போவார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது எங்களை நம்பியதால் இல்லை.

இன்ஜினும் வந்திருந்தது என்று சொல்ல வேண்டும். மணலில் ஒரு சாக்கின்மேல், ஜுரக்காரனைப் போலப் படுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் உறவு கிடையாது. மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவில் ஏரிப்பாசனத்தில் நெல் போட்டவர்கள் நாங்கள். தொண்ணூறுகள் தொடங்கியபோது மனை போடுகிறவர்கள் வந்து நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். நிலம் விற்ற பணத்தில் ஊரில் ஆளுக்கொன்று செய்தார்கள். ஒருவர் லாரி வாங்கினார். ஒருவர் கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கி, அஸ்திவாரத்தோடு பணம் தீர்ந்துபோய், அதில் கீரை போட்டார். எங்கள் வீட்டில் மீன்பிடிக்க ஒரு ஃபைபர் போட்டு வாங்கினார்கள். காரணம் மாமா. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அவரிடம் சொன்னாராம்: "கடலுக்குத் தண்ணி பாய்ச்ச வேணாம், உரம் போட வேணாம், வரப்புத் தகராறு கெடையாது." விவசாயியிடம் இதைவிட ஆபத்தான வாக்கியத்தைச் சொல்ல முடியாது. ரசம் வருவதற்குள் மாமா முடிவு செய்துவிட்டார்.

இன்னொருவர் ஓட்டிய போட்டும், அதனோடு வந்த இன்ஜினுமாகச் சேர்த்து முப்பத்தாறாயிரம். அப்பா, பெரியப்பா, மாமா என்று மூன்று பங்கு. ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். மூன்று பங்குதாரர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. பெரியப்பா முழங்கால் தண்ணீர் வரைக்கும் போவார். அதுவும் வேட்டி நனையாத நாட்களில்.

பெரியப்பாவுக்கு இரண்டு வீட்டு வாடகை வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு சிமெண்ட் கடை இருந்தது. அப்பாவுக்குப் போட்டை விட்டால் வேறொன்றும் இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. எங்கள் நிலத்தை வாங்கியவர்கள், நட்டு வைத்த மனைக்கற்களை மாடுகள் முட்டித் தள்ளுகின்றன என்று ஒரு வாட்ச்மேன் தேடினார்கள். "உங்களுக்கு எடம் பழக்கம்தானே" என்று அப்பாவையே கேட்டார்கள். அவர் பதில் சொல்வதற்கு முன்பே ஒரு காக்கிச் சட்டையும் விசிலும் வீட்டுக்கு வந்துவிட்டன. மாடுகளை விசிலடித்து விரட்ட வேண்டும். அங்கே மேய்ந்தது பெரும்பாலும் எங்கள் மாடுதான். பழைய நினைப்பில் போய்விடும். அதற்குப் பத்திரப்பதிவு விவரம் தெரியாது.

அப்பா விசிலைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "போட்டு ஓடுதான்னு பாக்கலாம்" என்றார்.

போட்டு ஓடியது. இன்ஜின்தான் ஓடவில்லை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை அது. பெட்ரோலைக் குடிக்கும், மண்ணெண்ணெய் வந்ததும் இருமும், அப்புறம் மௌனமாகிவிடும். "ரொம்ப பேஜார் பண்ணுது. நாலு தபா துடுப்புப் போட்டுகினு வந்தோம்" என்று குப்பத்து அண்ணன் சொன்னார். போட்டு இன்ஜின் தெரிந்தவர் பம்மலில் ஒருவர் இருக்கிறார் என்றும் அவரே சொன்னார். கூட்டிவரும் வேலை என்னுடையது, மாமாவின் மொபெட்டில்.

தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை அடிக்கும் ஒரு சந்தில், இரண்டு ஸ்கூட்டர்களின் உள்ளுறுப்புகளுக்கு நடுவே அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. விரல்களைத் தவிர வேறெங்கும் கிரீஸ் இல்லை.

"இன்னா தம்பி, கடலா? ஏறி உக்காரும்போதே மீட்டர் ஸ்டார்ட்டு. அப்பால பேசக்கூடாது" என்றார்.

கடற்கரையில் அவர் இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொடவில்லை. டீ கேட்டார். டீ குடித்தபடி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று வந்தார். பிறகு அறிவித்தார்:

"பாத்துட்டேன். பாத்ததுக்கு அம்பது."

"பாத்ததுக்கா?" என்றார் பெரியப்பா. "நாங்களுந்தான் காத்தாலேர்ந்து பாத்துக்கினு இருக்கோம்."

"நீங்க பாக்கறது வேடிக்கை, பெரியவரே. நான் பாக்கறது லேபர்."

தொட்டால் நூற்றைம்பது. சரி செய்த இன்ஜினைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்குப் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடலில் இறங்க வேண்டும், இறங்கினால் எழுபத்தைந்து. பார்த்தார், தொட்டார், இறங்கினார். கார்புரேட்டரில் உப்பு அடைத்திருந்ததாம். இருநூற்று எழுபத்தைந்து ரூபாய்.

பெரியப்பா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "டேய், நீ காலேஜு படிக்கிறவன். அவங்கிட்ட இங்கிலீஷ்ல பேசு. கொறைப்பான்."

எங்கள் வம்சத்தில் எட்டாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். தாம்பரத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு. குடும்பம் என் படிப்பிலிருந்து எதிர்பார்த்த முதல் லாபம் இது. நான் மெக்கானிக்கின் முன்னால் போய் நின்று, "சார், லேபர் சார்ஜ் ஈஸ் வெரி ஹை" என்றேன்.

"இங்கிலீஷ் கேக்கறதுக்குத் தனியா சார்ஜ் கீது, தம்பி. ஸ்டூடன்ட்டுன்னு உட்டுட்டேன்" என்றார் அவர்.

இப்படி மழைக்காலம் வருவதற்குள் பலமுறை பார்த்து, தொட்டு, இறங்கிவிட்டார். போட்டின் வரும்படி பம்மலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தக் கூட்டம்.

"மாசச் சம்பளம் பேசிடலாம்" என்றார் மாமா.

"மாசச் சம்பளம் குடுத்தா கவர்மெண்ட்டு ஆளாயிடுவான். அப்புறம் வரவே மாட்டான்" என்றார் பெரியப்பா. அவரிடம் வேறு யோசனை இருந்தது. இரவெல்லாம் அதை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தவர் போலச் சொன்னார்: "நம்ம களத்துல ஆசாரிக்கு இன்னா குடுத்தோம்? கலப்பைக்கு இவ்ளோ, சக்கரத்துக்கு இவ்ளோன்னா குடுத்தோம்? அறுப்பு வந்தா மொதல்ல அவனுக்கு அளந்தோம். அவ்ளோதான். நெல்லு வந்தா அவனுக்கும் உண்டு, வரலைன்னா இல்ல. கலப்பை ஒடைஞ்சா கூப்புடாமயே ஓடியாந்தானா இல்லியா? இவனுக்கும் அதே கணக்கு. போட்டு கரைக்கு வந்தா மொதல் கூடை அவனுது. பாத்ததுக்கு, தொட்டதுக்கு ஒண்ணும் கெடையாது."

மண்ணெண்ணெய்ச் செலவு போலவே கூடையையும் பொதுச் செலவாக வைத்து, மிச்சத்தைப் போட்டுக்கும் ஆட்களுக்கும் பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. எனக்கே அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

குப்பத்து அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார். "பெரியவரே, மீனு நெல்லு இல்ல. ஒரு கூடையும் இன்னொரு கூடையும் ஒண்ணாவுமா?"

"கூடைன்னா கூடைதான். நம்ம கூடை. அளவு நமக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தது. அடுத்த சந்தை நாளில் தாம்பரத்தில் அவர் கூடைக்காரியின் கடையைக் கலைத்துப்போட்டு, இருப்பதிலேயே சின்னதாக ஒரு மூங்கில் கூடையைப் பொறுக்கினார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரிய வேண்டும், உள்ளே கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தது. அன்று பூராவும் அவர் முகத்தில் ஒரு ஒளி இருந்தது.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்படிக் குடுத்தா இன்ஜின் ஓடுமா?"

"ஓடாம?"

"அப்ப சரி."

மெக்கானிக் கூடையைக் கையில் வாங்கி, கவிழ்த்து, உள்ளே பார்த்தார். அதற்கு அவர் காசு கேட்கவில்லை. "சின்னதா கீதே" என்றார். அப்புறம், "பரவால்ல. மொதல் கூடை, அதானே? நாட்டார் முன்னால ஒரு வார்த்த சொல்லிடுங்க."

குப்பத்துப் பஞ்சாயத்தை நடத்துகிறவர்களை நாட்டார் என்பார்கள். அவர்கள் முன்னால் பெரியப்பா வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னார். எதிராளி தானாகப் பொறியில் தலையைக் கொடுக்கிறானே என்ற பூரிப்பில் உரத்தே சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அதிசயம் என்றே சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடியது. மெக்கானிக்கைக் கூட்டிவர யாரும் பம்மல் போகவில்லை. அவரே முதல் பஸ்ஸில் தாம்பரம் வந்து, மாறி, சோழிங்கநல்லூரில் இறங்கி, கால்வாயைத் தாண்டி நடந்து வந்தார். போட்டு கரை ஏறியதும் இன்ஜினை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினார். பிளக்கைக் கழற்றி ஊதினார். எண்ணெய் போட்டுத் துடைத்து, கிழிந்த லுங்கி ஒன்றைப் போர்த்திவிட்டார். அழைக்காமலே கடலில் இறங்கினார், பேன்ட்டைச் சுருட்டாமல்.

கூலி? பெரும்பாலும் காரப்பொடி. விரல் நீளத்தில், முள்ளும் மினுமினுப்பும் மட்டுமே உள்ள மீன். ஒரு நாள் பாதிக் கூடைக்குச் சங்கும் நண்டுக் காலும் இருந்தன. எதையும் முகம் சுளிக்காமல் தூக்கிக்கொண்டு போனார். தாம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் அவரைப் பிடித்துக்கொண்டது நான் கல்லூரிக்குப் போகும் ஒரு காலையில் கண்ணெதிரே நடந்தது.

"யோவ், கூடைக்கு லக்கேஜ் போடு. பஸ்ஸே நாறுது."

"அது லக்கேஜ் இல்ல சார், என் சம்பளம். ஒன் சம்பளத்துக்கு நீ டிக்கெட் எடுத்துக்கினா வீட்டுக்குப் போற?"

பெரியப்பா வாரத்துக்கு இரண்டு முறையாவது கடற்கரைக்கு வந்தார். மீன் பார்க்க இல்லை. மெக்கானிக் காரப்பொடி தூக்குவதைப் பார்க்க. "இன்னிக்கு லேபர் இன்னாப்பா, குழம்புக்கா வறுவலுக்கா?" என்று கேட்டுவிட்டு, மாமாவின் தோளில் தட்டிச் சிரிப்பார். மெக்கானிக்கும் கூடச் சிரிப்பார்.

வீட்டிலும் மாற்றம். அப்பா காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று எங்களிடம் சொல்லத் தொடங்கினார். பெரும்பாலும் தப்பாகச் சொன்னார். மனை ஆபீஸ்காரன் வந்து, "எப்ப சேர்றீங்க?" என்று கேட்டபோது, "சீசன் முடியட்டும்" என்றார். சீசன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அம்மா காக்கிச் சட்டையை மடித்து அடியில் வைத்தாள். விசில் மட்டும் மாடத்திலேயே இருந்தது.

மழை விட்ட பிறகு கடல் கலங்கலாக இருந்த ஒரு காலை. எனக்குக் கல்லூரி இல்லை. பங்குதாரர்கள் மூவரும் கரையில் இருந்தார்கள். நானும் ஒரு பங்குதாரன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் அப்படித்தான் நின்றேன். போட்டு வரும்போதே குப்பத்து அண்ணன் எழுந்து நின்று துண்டை ஆட்டினார்.

இறால். போட்டு நிறைய இல்லை. மற்றதெல்லாம் வழக்கமான காரப்பொடி. அதன் நடுவே, தனியாகப் பொறுக்கி, ஈரச்சாக்குப் போட்டு மூடிய பெரிய இறால்கள். விரித்த கையைவிட நீளம். சில இன்னும் துள்ளின. வியாபாரி ஐஸ் பெட்டியோடு காத்திருந்தான். இறால் வெயிலில் நிற்கக்கூடாது, ஆகவே அதைத்தான் முதலில் இறக்குவார்கள். நசுங்கவும் கூடாது, ஆகவே சின்னக் கூடையில்தான் போடுவார்கள். அந்தப் போட்டில் சின்னக் கூடை ஒன்றுதான் இருந்தது. பெரியப்பா தாம்பரம் சந்தையில் தேடி எடுத்த கூடை.

அது மணலைத் தொட்டதும் மெக்கானிக் ஒரு கையை அதன் காதில் வைத்தார்.

"மொதல் கூடை."

பெரியப்பா அலறினார்: "யோவ்! அது இறாலுய்யா!"

"இறால்தான். நான் காரப்பொடின்னா சொன்னேன்?"

பெரியப்பா இன்னொரு காதைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் இருவரும் கூடையோடு அலைக்குள் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்து, அறுபது வயதில் அவர் கடல் தண்ணீரில் இடுப்பளவு நின்றது அன்றுதான். வேட்டியைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை. மாமா, "விடாதீங்க, விடாதீங்க" என்று கரையிலிருந்து கத்தினார். கூடை பிய்ந்துவிடும் என்று வியாபாரி கத்தினான். கடைசியில் கூடையை வியாபாரியே எடுத்து ஏலத்தில் விட்டு, பணத்தை நாட்டாரிடம் கொடுத்தான். நாலாயிரத்து இருநூறு ரூபாய். மெக்கானிக் அன்று செய்த வேலை, ஒரு பிளக்கை ஊதியது.

சாயங்காலம் கோயில் முன்னால் பஞ்சாயத்து. பெரியப்பா எழுந்து நெல், களம், மரக்கால், ஆசாரி என்று நெடுநேரம் பேசினார். நெல்லில் எந்த மரக்காலும் ஒன்றுதான், ஆகவே முதல் என்பது மரியாதைக்குச் சொன்ன சொல்தான் என்றார். நல்ல வாதம். தப்பான ஊரில் வைத்தார்.

நாட்டாரில் மூத்தவர் கேட்டார்: "இவன் காரப்பொடி தூக்கிகினு போனப்ப நீ சிரிச்சியா இல்லியா?"

பெரியப்பா பொய் சொல்ல மாட்டார். "சிரிச்சேன்."

"அப்ப இன்னிக்கு அவன் சிரிச்சுட்டுப் போட்டும்."

குப்பத்து அண்ணனையும் கேட்டார்கள். அந்தக் கூடையில் அவருக்கும் பங்கு போகிறது, எங்கள் பக்கம் பேசுவார் என்று மாமா நம்பியிருந்தார். "நஷ்டம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இன்ஜின் நடுக்கடல்ல நின்னா நாங்கதான் நிப்போம். இவங்க ரோட்டு மேல நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பு: கூடை மெக்கானிக்குடையது. போட்டுக்காரர்கள் கோயிலுக்கு ஐந்நூற்று ஒரு ரூபாய் கட்ட வேண்டும். பேச்சு மாறியதற்கு ஐந்நூறு, கூடையைப் பிடித்து இழுத்ததற்கு ஒன்று.

கரைக்குத் திரும்பியதும் பெரியப்பா, "வித்துத் தொலைங்கடா அந்தப் போட்டை" என்றார். மாமா உடனே, "நானும் அதான் சொல்ல வந்தேன்" என்றார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்ல வந்திருப்பார். மூன்றில் இரண்டு பேர் விற்கச் சொன்னால் விற்க வேண்டியதுதான்.

அப்பா லுங்கி போர்த்திய இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கூட்டங்களில் பேசுகிறவர் இல்லை.

"வித்தா நான் நாளைக்கே அங்க போயி நிக்கணும்ணா. நம்ம கெணறு இருந்த எடத்துல. நம்ம மாட்டை நானே விசிலடிச்சுத் தொரத்தணும்."

பெரியப்பா கடலைப் பார்த்தார். மாமா செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினார். இருவருக்கும் மனம் மாறவில்லை.

மெக்கானிக் சற்றுத் தள்ளி நின்று பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு வந்தார். "போட்ட வித்தா எனக்குக் கூடை ஏது? ஒங்க பங்கு இன்னா வெல, பெரியவரே?"

"பன்னெண்டாயிரம். பைசா கொறையாது" என்றார் பெரியப்பா, அவனால் முடியாது என்ற நிச்சயத்தில்.

"இந்தா நாலாயிரத்து எரநூறு. மீதி ஏழாயிரத்து எண்ணூறு லேபர்ல கழிச்சுக்கலாம். கூடை வாணாம், பழைய ரேட்டே போட்டுக்கலாம். என் கூலிய போட்டு வரும்படிலேர்ந்து நீங்களே எடுத்துகினு போங்க. அப்பால பங்கு என்னுது."

பெரியப்பா நோட்டுகளைப் பார்த்தார். அன்று காலை அவர் கையிலிருந்து பறிபோன அதே கூடை, நோட்டுகளாக, இறால் வாடையோடு திரும்பி வந்திருந்தது. வாங்கிக்கொண்டார். ஒரு பங்கு விலைபோனதும் மாமாவுக்குத் தன் பங்கின்மேல் திடீரென்று பாசம் வந்து, விற்கும் பேச்சை விட்டுவிட்டார்.

இப்படியாக மெக்கானிக் போட்டு முதலாளி ஆனார். முதல் கூட்டத்திலேயே கூலியைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். "இந்த மெக்கானிக்கு ரொம்பத்தான் வாங்கறான்யா. போட்டுக்குக் கட்டுப்படியாவாது" என்றார்.

"அப்ப கொறைச்சுக்கயேன்யா" என்றார் மாமா.

"ஓனரா சொல்றேன், ஜாஸ்திதான். மெக்கானிக்கா கேட்டீங்கன்னா, கொறைக்க முடியாது."

கூடை நின்றதும் அவர் கடலில் இறங்குவதும் குறைந்தது. ஆனால் பார்ப்பது நிற்கவில்லை. வாரத்தில் பல நாள் வந்தார், இன்ஜினைச் சுற்றி வந்தார், டீ குடித்தார், ஐம்பது. வேண்டியபோது தொட்டார், நூற்றைம்பது. இன்ஜின் ஒருநாளும் நின்றதில்லை என்பதால் பார்க்காதே என்று சொல்லவும் வழியில்லை. மாம்பழக் காலம் வருவதற்குள் ஏழாயிரத்து எண்ணூறையும் பெரும்பாலும் பார்த்தே தீர்த்துவிட்டார்.

காக்கிச் சட்டையையும் விசிலையும் மனை ஆபீஸில் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். "சீசன் முடியலையா?" என்று கேட்டான் அங்கிருந்தவன். "இல்லை" என்றேன். வேறொருவரை வேலைக்கு வைத்தார்கள். அவர் அடிக்கும் விசில் எங்கள் வீடு வரை கேட்கும். மாடு மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா அந்தச் சத்தம் கேட்டால் ஒரு கணம் நிற்பார், பிறகு வானத்தைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று தப்பாகச் சொல்லிவிட்டு, கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்.

பெரியப்பா ஒருநாள் வெயிலில் வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார். "டேய், நீ கணக்குப் படிக்கிறவன்தானே. மழைக்கு முன்ன குடுத்ததெல்லாம் போவட்டும். களத்துக் கணக்குப் பேசினோமே, அதுலேர்ந்து அந்த ஆளுக்கு மொத்தம் லேபர் எவ்ளோடா ஆச்சு?"

காரப்பொடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இறாலில் போனது நாலாயிரத்து இருநூறு. பார்த்தும் தொட்டும் கழிந்தது ஏழாயிரத்து எண்ணூறு. இரண்டும் சேர்ந்தால் பெரியப்பா விற்ற பங்கின் அதே விலை. கோயிலுக்குக் கட்டியது ஐந்நூற்று ஒன்று. கூட்டிச் சொன்னேன்: பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று ஒரு ரூபாய்.